கடல் வலப்பக்கம்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை மணி ஆறு இருபது. பிரிஞ்சாங்கில் தூறல். எதிர்வரிசைக் கடைகளின் பெயர்ப்பலகை தெரியாத அளவுக்கு மூடுபனி. என் சன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானி பதினாறு பாகை காட்டியது. அந்த நேரத்தில் நானும் என் அக்காவும் பாங்கோர் தீவுக்குப் புறப்பட்டோம். அவளுக்கு எழுபத்தொன்பது வயது, எனக்கு எழுபத்து நான்கு. கடற்கரை பார்த்து மகிழ்கிற வயது இல்லை. நாங்கள் போனது வேறு காரியமாக.

அக்கா குடியிருந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அவள் மகன் பேரில் கொடுத்திருந்தார்கள். மகன் வேலையை விட்டு ஜொகூருக்குப் போய்விட்டான். அங்கே நான்கு பேரோடு ஓர் அறையில் படுக்கிறான், தாயை அழைத்துக்கொள்ள வழியில்லை. ஆகவே மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். இதில் யார்மேலும் குறை சொல்ல முடியாது. தோட்டத்து வழக்கம் அது. நானே முப்பத்தோரு வருடம் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து அப்படி எத்தனையோ சாவிகளை வாங்கி ஆணியில் மாட்டியவன்.

அவள் போவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று என் வீடு. என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில். அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருந்த நான், அக்காவின் காலை நினைத்து, தரைத்தளத்தில் இருந்த ஒரு குடும்பத்தோடு பேசி வீட்டை மாற்றிக்கொண்டேன். ஒரு அறையைக் காலி செய்து கட்டில் வாங்கிப் போட்டேன். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தேன். இன்னொரு இடம் அவள் மகள் வீடு. மகளைப் பாங்கோரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மருமகன் அந்தத் தீவிலேயே பிறந்தவர், வாடகை வேன் ஓட்டுகிறார்.

இரண்டையும் சொன்னபோது அக்கா, “பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

பார்க்கட்டும் என்று நானும் நினைத்தேன். வெயிலையும் மணலையும் பார்த்தால் தானாகவே என் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பது என் கணக்கு. அதை உறுதி செய்துகொள்ளத்தான் கூடவே போனேன். பிறந்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்ததில்லை. அவள் லயத்துக்கும் என் வீட்டுக்கும் இடையிலான அந்தத் தூரமே எனக்கு அதிகம் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

எங்கள் மலையில் யாரும் திசை சொல்வதில்லை. மேலே, கீழே, இரண்டுதான். கோயில் மேலே இருக்கிறது, கடை கீழே இருக்கிறது. ஒருவரைப் பற்றி, “அவங்க கீழே போயிட்டாங்க” என்று சொன்னால், மலையை விட்டு இறங்கிவிட்டார், இனி வந்தால் விருந்தாளியாகத்தான் வருவார் என்று பொருள். அந்தச் சொல்லை அக்காவுக்குச் சொல்லும்படி ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் காரை வாடகைக்குப் பேசியிருந்தேன். கியா பார்மில் கடைகள் இன்னும் கித்தானைத் தூக்கவில்லை. கோலா தெர்லா வரை காய்கறி லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்தோம், ஒன்பது லாரி. நான் எரிவாயு அடுப்பை மூடினேனா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அக்கா கம்பளிச் சட்டை, அதற்குள் அவள் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, அதற்குள் ரவிக்கை என்று மூன்று அடுக்கு போட்டிருந்தாள். தோட்டத்துக் காலைக் குளிருக்கு அவள் உடுத்துவது அப்படித்தான். இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் மடித்து வைத்தாள். சிம்பாங் பூலாய் வந்தபோது, “அடுத்தது என்னத்தைக் கழட்டறது, தோலைத்தான் கழட்டணும்” என்றாள். காரோட்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் இப்போதே இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

லூமுட்டில் படகேறித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. மருமகன் இளஞ்சிவப்பு வேனோடு காத்திருந்தார். அந்தத் தீவில் வாடகை வேன்கள் எல்லாம் அந்த நிறம்தான். மகள் வீடு பாசிர் போகாக் கடற்கரைக்குப் பின்னால் ஒரு சந்தில். இரண்டு அறை, தகரக் கூரை, வாசலில் ஒரு பப்பாளி. கூடத்தில் மின்விசிறி கரகரவென்று சுற்றியது. சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்குக் கடற்கரைக்குப் போனோம்.

அக்காவின் காலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து இறங்கும்போது வடிகாலில் சறுக்கி விழுந்து இடது கால் எலும்பு முறிந்தது. தாப்பா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, ஆனால் கால் ஓர் அங்குலம் குட்டையாகக் கூடியது. சமதரையில் நடந்தால் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் வருவாள். கொஞ்ச தூரத்தில் இடுப்பில் வலி பிடித்துவிடும். செருப்புக்கு அடியில் கட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தோம். கால் தடுக்குகிறது என்று தூக்கிப் போட்டுவிட்டாள்.

பாசிர் போகாக்கில் அந்த நேரத்துக்குக் கடல் பின்வாங்கியிருந்தது. ஈர மணல் மேசை மாதிரி கிடந்தது. தண்ணீர் எங்கேயோ ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

“என்ன மாப்பிள்ளை, கடல் வத்திப்போச்சா?”

“அது வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிருக்கு அத்தை. சாயங்காலம் திரும்ப வந்துரும்லா.”

“யாரு பேர் போடுறது அதுக்கு?” என்றாள் அக்கா. தோட்டத்தில் காலைப் பெரட்டில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. ஐம்பது வருடம் அப்படிப் பேர் கொடுத்தவளுக்குக் கடலும் அப்படித்தான் வரவேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

ஈர மணலில் இறங்கி நடந்தாள். சமதரை. நாற்பது எட்டு வைப்பதற்குள் சாய்வு அதிகமாகி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் கணக்கு சரியாக வருகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல். மகள் அதைக் கண்டுகொண்டாள் போலிருக்கிறது.

“மாமா, இது ஒரு பீச்தான். இன்னும் நிறைய இருக்கு. நாளைக்கு எல்லாத்தையும் காட்டறோம்” என்றாள்.

மறுநாள் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மருமகன் அன்றைக்கு வேறு சவாரி எடுக்கவில்லை. நோன்பு மாதம் என்பதால் சுற்றுலாக்காரர்களும் குறைவு. முதலில் கிழக்குப் பக்கத்தைக் காட்டினார். அங்கே மணலே இல்லை. வரிசையாகப் படகுத்துறைகளும், நெத்திலி காயப்போட்ட தளங்களும். அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அப்புறம் தெற்கே ஒரு குடா. கல்லும் சேறுமாக இருந்தது, வேனை விட்டு இறங்கவில்லை.

மேற்குப் பக்கம் வந்து தெலுக் நிப்பாவை நெருங்கும்போது அக்கா, “கொஞ்சம் மேலே நிறுத்துங்க மாப்பிள்ளை” என்றாள். அவர் கடற்கரையைத் தாண்டி, மேட்டுச் சாலையில் ஏறி, ஒரு வளைவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பள்ளம். கடலே தெரியவில்லை.

“எதுக்கு இங்க நிறுத்துனீங்க?”

“மேலேன்னீங்களே அத்தை.”

“மேலேன்னா இப்படி இல்ல. மரத்துக்கு அந்தாண்ட, இன்னும் கொஞ்சம் தள்ளி.”

“அதுக்குப் பேர் வடக்கு.”

“வடக்கு யாருக்குத் தெரியும்?”

மருமகன் வண்டியைத் திருப்பிக்கொண்டே, தீவில் இரண்டு பக்கம்தான் உண்டு, கடல் பக்கம், காட்டுப் பக்கம், வழி கேட்பவர்களுக்கு அப்படிச் சொன்னால் போதும் என்று விளக்கினார். அக்கா யோசித்துவிட்டு, “அப்ப மேலேன்னா காட்டுப் பக்கம். கீழேன்னா கடல். அவ்வளவுதானே” என்றாள். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் நாள் முழுக்க அந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நிப்பாவில் கடைகள் பாதி மூடியிருந்தன. மோட்டார் படகுக்காரர்கள் இருவர் எங்களைப் பார்த்து எழுந்து வந்து, எங்கள் வயதைப் பார்த்துத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். குரங்குகள் பதினான்கு. அதில் ஒன்று என் பையைப் பார்த்தபடியே இருந்ததால் நான் மருந்து டப்பாவை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். மணல் பொதபொதவென்று இருந்தது. அக்கா பத்து எட்டு வைத்துத் திரும்பிவிட்டாள். அதற்கு அடுத்த குடாவின் படம்தான் தீவின் எல்லாப் பலகைகளிலும் இருக்கிறது. தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி அடி தெரிய நின்றது. அக்கா, “அழகா இருக்கு” என்றாள், பிறத்தியார் புடவையைச் சொல்வது போல. அந்தக் கரை மிகவும் குட்டை. இரண்டு முனையிலும் பாறை. நடக்க ஆரம்பிக்கும்போதே முடிந்துவிடுகிறது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தோம். நான் மகளிடம், அம்மாவுக்கு இந்த ஊர் சரிப்படாது போலிருக்கிறது, பார்த்தாயா, எங்கேயும் பத்து எட்டுக்கு மேல் போகவில்லை என்றேன். மகள் காயை நறுக்கி முடித்தாள். பிறகு, “சாயங்காலம் கெத்தப்பாங் ஒண்ணு பாத்துடலாம் மாமா. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்லல” என்றாள்.

தெலுக் கெத்தப்பாங் நிப்பாவுக்குத் தெற்கே இருக்கிறது. கடை இல்லை, படகுக்காரர் இல்லை, ஆளே இல்லை. சாலைக்கும் மணலுக்கும் நடுவில் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஐந்தரை மணிக்குப் போய் இறங்கினோம். காலையில் வேனிலிருந்து பார்த்தபோது அகலமாகக் கிடந்த கரையை இப்போது காணவில்லை. கடல் ஏறி வந்து சமதரை முழுவதையும் மூடியிருந்தது. மரங்களுக்குக் கீழே சரிவான மணல் மட்டும் ஒரு பட்டையாக மிஞ்சியிருந்தது. மூன்று ஆள் அகலம் இருக்கும். ஈரத்தில் கெட்டித்துப்போய், காட்டுப் பக்கம் உயர்ந்து, கடல் பக்கம் இறங்கி இருந்தது.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வடக்கு முனையில் இறங்கினாள். கடல் அவளுக்கு வலப்பக்கம். சரிவின் உயரம் இடப்பக்கம். நடந்தாள்.

நான் பின்னால் போனேன். வழக்கம்போல எண்ணிக்கொண்டு போனேன், எந்த எட்டில் சாய்வாள் என்று பார்ப்பதற்காக. ஐம்பது. நூறு. சாயவில்லை. முதுகு நேராக இருந்தது. குட்டைக் கால் மேட்டில் விழுந்தது, நெட்டைக் கால் பள்ளத்தில் விழுந்தது, இரண்டும் சமமாகிவிட்டன. முந்நூறு. அவள் கைகளை வீசி நடப்பதை நான் மறந்தே போயிருந்தேன். முன்பெல்லாம் மலையில் அப்படித்தான் நடப்பாள்.

கால் ஒடிந்த பிறகு அக்கா வேலைக்குத் திரும்பியபோது, அவளுக்குக் கிடைத்தது லயத்துக்கு நேர் பின்னால் இருக்கும் மலை. மற்ற பெண்கள் காலையில் போன வழியிலேயே சாயங்காலம் திரும்புவார்கள். அக்கா மட்டும் அப்படி வரமாட்டாள். போனபடியே மலையை முழுச் சுற்றுச் சுற்றி மறுபக்கமாக வந்து சேருவாள். காரணம் எளிது. மலை இடப்பக்கம் இருந்தால் அவளுக்குக் கால் சமம். திரும்பி அதே வழியில் வந்தால் மலை வலப்பக்கம் வந்துவிடும், குட்டைக் கால் பள்ளத்தில் போய் வலி இரட்டிப்பாகும். ஆகவே தினமும் ஒரு சுற்று. இருபத்தைந்து நிமிடம் அதிகம். கோயிலை வலமாகச் சுற்றுகிற சனங்கள் நடுவில், இவள் மலையை இடமாகச் சுற்றினாள். “எதிர்ச்சுத்து” என்று லயத்தில் பேரே வைத்துவிட்டார்கள். அப்படிச் சுற்றுவது குடும்பத்துக்கு ஆகாது என்று பூசாரி ஒருமுறை சொல்லி அனுப்பினார். சாமி வந்து தன் காலை ஒரு அங்குலம் இழுத்துவிட்டால் நாளைக்கே நேர்ச்சுற்று சுற்றுவதாக அக்கா பதில் சொல்லி அனுப்பினாள். வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தச் சுற்று நிற்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் பெரிய மழையில் மண் சரிந்து பாதையில் பாதி போனது. பிறகு அதைச் சரிசெய்யவில்லை. அன்றிலிருந்துதான் அவள் வாசலில் முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள்.

கெத்தப்பாங்கில் தெற்குப் பாறை வரை போனாள். அறுநூற்றுப் பத்து எட்டு. அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினாள். திரும்பியதும் கடல் இடப்பக்கம் வந்துவிட்டது. மூன்றாவது எட்டிலேயே உடம்பு கோணியது. பத்தாவது எட்டில் முழங்கால் மடங்கி மணலில் உட்கார்ந்தாள். மகள் சாலையிலிருந்து ஓடி வந்தாள். நானும் அவளுமாகத் தூக்கி மரத்தடிக்குக் கொண்டு வந்தோம்.

“போதும் அக்கா. இதெல்லாம் உனக்கு வேண்டாம்” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டு, தண்ணீர் தினமும் இவ்வளவு மேலே வருமா என்று கேட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளித் தள்ளி வரும், பௌர்ணமியும் அமாவாசையும் ஒட்டி இப்படி நிறைய ஏறும், நடுநாட்களில் குறைவு என்று அவர் சொன்னார். வேனில் திரும்பும் வழியெல்லாம் அவள் அதையே, பேருந்து நேரம் விசாரிப்பது போல, கேட்டுக்கொண்டு வந்தாள். நாளைக் காலை எத்தனை மணிக்கு? மறுநாள்? இரவில் வருவது கணக்கில்லை, பகலில் வருவதைச் சொல்லுங்கள். கடைசியில் மருமகன், “அத்தை, கணக்குப் பாக்கறதுல நீங்க மாமாவை மிஞ்சிருவீங்க” என்று என்னைக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, சாப்பிடாமல், அவளே வேனில் போய் ஏறி உட்கார்ந்தாள். கெத்தப்பாங்கின் வடக்கு முனையில் தன்னை இறக்கிவிட்டு, தெற்கு முனையில் போய் நிற்கும்படி மருமகனிடம் சொன்னாள். நானும் இறங்கினேன். சரிவில் இருவர் சேர்ந்து நடக்க இடம் போதவில்லை. நான் கடல் பக்கமாக, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். வெதுவெதுவென்று இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் என்றால் சில்லென்று இருக்க வேண்டும்.

பாதி தூரம் போனோம். பிறகு நான்தான் ஆரம்பித்தேன். இங்கே நல்ல ஆஸ்பத்திரிக்கு லூமுட் போக வேண்டும், நடுவில் கடல். மகள் வீடு சின்னது. பேரப்பிள்ளைகள் வந்தால் படுக்க இடம் இல்லை. வெயிலில் அவளுக்குத் தோல் அரிக்கும். வேன் ஓட்டம் நிச்சயமில்லாத பிழைப்பு. எல்லாம் உண்மை. அவள் ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றாள்.

“என் வீட்ல படிகூட இல்ல அக்கா. எல்லாம் மாத்தி வச்சிருக்கேன்லா.”

“தெரியும் தம்பி. நீ கட்டில் வாங்குனது, கம்பி வச்சது எல்லாம் சொன்னாங்க.”

“அப்புறம் என்ன?”

“அங்க வந்தா நீ என்னை நல்லாப் பாத்துக்குவே. மாத்திரையை எண்ணிக் குடுப்பே. நான் எத்தனை தடவை இருமுனேன்னு எண்ணுவே. நான் உக்காந்திருப்பேன்.”

அலை ஒன்று என் முழங்கால் வரை வந்து போனது. அவள் நிற்கவில்லை.

“இங்க நடப்பேன்” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நின்றுவிட்டேன். அப்படியானால் நான் அந்த வீட்டில் தனியாகக் கிடப்பதா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. நல்லவேளை கரையில் யாரும் இல்லை. அவள் பத்து எட்டு முன்னால் போயிருந்தாள். நான் வராததைக் கண்டு நின்றாள், ஆனால் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றே பேசினாள்.

“உனக்கு ரெண்டு காலும் சமம். நீ திரும்பிப் போலாம், திரும்பி வரலாம். எனக்கு ஒரு பக்கம்தான் தம்பி.”

நான் தண்ணீரை விட்டு ஏறி அவள் பின்னால் நடந்தேன். தெற்குப் பாறைக்குப் பக்கத்தில் வேன் நின்றது. அவள் தானே கதவைத் திறந்து ஏறினாள். மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது, வலி இல்லை. மருமகனிடம், தினமும் இப்படி ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் ஏற்றிக்கொள்ள முடியுமா, வாடகை என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் வேனைக் கிளப்பிக்கொண்டே, இந்தச் சாலை தீவைச் சுற்றி வருகிற சாலை, படகுத்துறையில் ஆளை ஏற்றி நிப்பாவில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது எப்படியும் இந்த வழியாகத்தான் வருவேன் என்றார்.

“வாடகைக்குப் பதிலா, ஏறுன உடனே பொண்டாட்டி மேல உங்ககிட்ட புகார் சொல்லுவேன். அதைக் கேட்டுக்கணும். அவ்வளவுதான்.”

“அவளைப் பெத்ததே நான்தானே. எனக்கே நிறையப் புகார் இருக்கு” என்றாள் அக்கா.

அன்றைக்கு மத்தியானம் மகள் கூடத்து மூலையில் அலமாரியை நகர்த்தி இடம் செய்தாள். நான் உதவினேன். மின்விசிறியின் கரகரப்பை நிறுத்த மூன்று திருகாணிகளை முடுக்கினேன். லயத்து வீட்டுச் சாமான்களை நான் கட்டி லாரியில் அனுப்புவது என்று பேசிக்கொண்டோம். எது வேண்டும், எது வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். அம்மி வேண்டாம். சாமிப்படங்கள் வேண்டும். கம்பளிகளை லயத்திலேயே யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். சாவியை அலுவலகத்தில் கொடுக்கும் வேலையும் எனக்குத்தான்.

என் பயணம் வெள்ளிக்கிழமை காலை. ஒன்பதரைக்குப் படகு. அன்றைக்குக் கடல் ஏறும் நேரமும் அதை ஒட்டியே இருந்தது. மகள், அம்மா இன்றைக்கு ஒருநாள் நடக்காமல் படகுத்துறைக்கு வரட்டும் என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் நடக்கட்டும், தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது என்று நான்தான் சொன்னேன். ஆகவே மருமகன் முதலில் அவளைக் கெத்தப்பாங்கில் இறக்கிவிட்டு, பிறகு என்னைத் துறையில் விட்டுவிட்டு வந்து தெற்கு முனையில் அவளை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

வடக்கு முனையில் அவள் இறங்கும்போது நானும் இறங்கிச் செருப்பை வாங்கி வேனுக்குள் வைத்தேன். பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் அரை என்று மறுபடியும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையை அவள் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள். ஐம்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல். அது இன்னும் சொரசொரப்பாகத்தான் இருந்தது. “வயித்துக்குச் சாப்பிடு” என்றாள். பிறகு சரிவில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

வேன் அவள் போகும் திசையிலேயே மெதுவாகப் போனது. மரங்களுக்கு நடுவில் அவள் தெரிந்தும் மறைந்தும் வந்தாள். நேராக நடந்தாள். பக்கவாட்டில் வந்தபோது மருமகன் ஒருமுறை ஒலி எழுப்பினார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. காட்டுப் பக்கமிருந்த இடது கையை மட்டும் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு, வேகம் குறையாமல் போனாள். நான் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினேன். அதை அவள் பார்த்திருக்க முடியாது.

லூமுட்டில் ஈப்போவுக்குப் பேருந்து ஏறி, ஈப்போவில் மலைக்குப் பேருந்து மாறி, பிரிஞ்சாங் வந்து சேர்ந்தபோது மாலை மணி ஐந்து நாற்பது. மழை. கார், படகு, பேருந்து, சாப்பாடு, மகள் வீட்டுக்கு வாங்கிப் போன பழம், பிறகு லயத்துச் சாமான்கள் போன லாரி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன மொத்தச் செலவு எண்ணூற்று நாற்பத்தாறு வெள்ளி அறுபது காசு.